புதுப்பிப்பு: ட்ரெய்லர் பிரேக் இப்போது பிடிக்கிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: ஹைலக்ஸ் பிக்கப்பில் எலக்ட்ரானிக் பிரேக் கன்ட்ரோலர் (ட்ரெய்லரின் மின் பிரேக்குக்கு வண்டியிலிருந்து கரன்ட் அனுப்பும் கருவி) பொருத்திவிட்டேன், ஆனால் கெயினை, அதாவது பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவை, 10-இல் வைத்தாலும் அப்பாவின் சாப்பாட்டு ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது, ஏன் என்று. "எர்த்தைப் பார் தம்பி" என்றார் ஒரு அண்ணன். அதேதான்.

ட்ரெய்லரின் வெள்ளை வயரை, அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரை, பெயின்ட் அடித்த சேஸிஸ் மேலேயே திருகியிருந்தார்கள். கழற்றினால் முனை முழுக்கப் பச்சைப் பொடி. கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் கை லீவரை முழுக்கத் தள்ளியும், சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் மின்காந்தத்தில் மீட்டர் 7 வோல்ட்தான் காட்டியது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, புது முனை போட்டுத் திருகினேன். கார் பக்கத்து வெள்ளை வயரையும் நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோனேன். இப்போது 12-க்குப் பக்கம் வருகிறது.

அப்புறம் ஞாயிறு காலை, பினாங்கின் பத்து காவானில் ஆளில்லாத நேரான சாலை. கேஸ் தோம்பு, பாத்திரம் எல்லாம் ஏற்றி, முதலில் சில முறை பிரேக் பிடித்து டிரம்மைச் சூடாக்கினேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் பெடலைத் தொடாமல் லீவரை மட்டும் தள்ளினேன். கெயின் 6.5-இல் ட்ரெய்லர் சக்கரம் பூட்டி, ரப்பர் தேய்ந்தது. 6-க்கு இறக்கியதும் பூட்டாமல் உறுதியாக நின்றது. காலி ட்ரெய்லருக்கு இது அதிகம், குறைக்க வேண்டும்.

நேற்று துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் பூலாவ் இறக்கத்தில் வந்தோம். பின்னாலிருந்து ஒரு தள்ளல்கூட இல்லை. அந்த அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.