பவர் ஏற்றியும் மைக்ரோவேவ் லிங்க்கில் லெவல் வரவில்லை (காட்பாடி – லத்தேரி பக்கம்)

கேள்வி, காட்பாடியிலிருந்து:
காட்பாடியில் ஒரு மாடி டவரிலிருந்து லத்தேரி தாண்டி இருக்கும் டவருக்கு 15 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் லிங்க் (கம்பியில்லாமல் டிஷ் வழியாக டேட்டா அனுப்பும் இணைப்பு), தூரம் 14 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் 0.6 மீட்டர் டிஷ். ரிசீவ் லெவல் (வந்து சேரும் சிக்னலின் அளவு, மைனஸ் எண் சிறியதாக இருந்தால் சிக்னல் வலுவானது) -68 டிபிஎம்தான் வருகிறது. டிரான்ஸ்மிட் பவரை 16லிருந்து 20 டிபிஎம்முக்கு ஏற்றினேன், எதிர்ப்பக்கம் -64 ஆனது, அதற்கு மேல் ரேடியோ விடவில்லை. அந்தப் பக்கம் ஏற்றினாலும் இங்கே அதே கதை. 1024 க்யூஏஎம் (அதிக டேட்டா அனுப்பும் முறை) ஏறவே மாட்டேன் என்கிறது. ஓடியூவை (டிஷ்ஷோடு மாட்டிய ரேடியோ பெட்டி) மாற்றச் சொல்லலாமா? ஐப்பசி மழைக்குள் முடிக்கணும்.

பதில், ராணிப்பேட்டை:
ஓடியூவைத் தொடாதீர்கள் தம்பி. நீங்கள் 4 டிபி ஏற்றினீர்கள், அங்கே சரியாக 4 டிபி ஏறியிருக்கிறது, டிரான்ஸ்மிட்டர் நன்றாகவே இருக்கிறது. ஓடியூ கெட்டால் பெரும்பாலும் ஒரு திசைதான் விழும். இரண்டு திசையும் ஒரே அளவு குறைந்தால் டிஷ்ஷையோ பாதையையோதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிகாஹெர்ட்ஸில் 14 கிலோமீட்டருக்குக் காற்றில் போகும் இழப்பு 139 டிபி. டிஷ் ஒன்றுக்குக் கெயின் (சிக்னலைக் குவித்து ஏற்றும் அளவு) 36.5 டிபி என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 73. பவர் 20 என்றால் -46 வரணும், உங்களுக்கு 18 டிபி குறைகிறது. ஒரு பக்கத்து டிஷ் சைடு லோபில் (பக்கவாட்டில் போகும் வலுக்குறைந்த கதிர்) மாட்டியிருக்கும்போது இந்த அளவில்தான் குறையும். அந்த டிஷ்ஷின் மெயின் லோப் (நேர் முன்னால் போகும் முக்கியக் கதிர்) சுமார் 2.3 டிகிரி அகலம்தான், அதைத் தாண்டியதும் சின்னதாக இன்னொரு உச்சம் வரும், அவசரத்தில் ரிக்கர் (டவரில் ஏறி டிஷ் மாட்டுபவர்) அதையே பிடித்து நட்டை முறுக்கிவிடுவார்.

பதில், குடியாத்தம்:
போலரைசேஷனையும் (அலை அதிரும் திசை) பாருங்கள், ஒரு பக்கம் வி (செங்குத்து), ஒரு பக்கம் எச் (கிடைமட்டம்) என்று இருந்தாலும் இரண்டு திசையும் சேர்ந்தே விழும், ஆனால் அது 30 டிபி பக்கம் போகும், 18 இல்லை. அப்புறம் நம்ம பக்கம் பாறைக் குன்று அதிகம், மேலே ஏறும்போது எதிர் டவர் முழுசாகத் தெரிகிறதா என்று கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பக்கமும் வி தான் அண்ணா, எதிர் டவரும் தெளிவாகத் தெரிகிறது. டிஷ்ஷைத் திருப்பும்போது ஓடியூவை ஆஃப் செய்யணுமா?

பதில், ராணிப்பேட்டை:
வேண்டாம், ஓடினால்தான் லெவல் தெரியும். டிஷ்ஷுக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கக்கூடாது. டிஷ்ஷைக் கழற்றுவதானால் முதலில் டிரான்ஸ்மிட்டை மியூட் செய்யுங்கள். ஐஎஃப் கேபிளில் (ஓடியூவையும் உள்ளே இருக்கும் ஐடியூ பெட்டியையும் இணைப்பது) -48 வோல்ட் போகிறது, ஐடியூவை அணைக்காமல் அந்தக் கனெக்டரைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

ஏடிபிசியை (பவரைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு பக்கமும் ஆஃப் செய்யுங்கள், இல்லையென்றால் நீங்கள் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப அது தானாகப் பவரை மாற்றிக் குழப்பிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் நகரட்டும், மற்றது பூட்டியே இருக்கட்டும். அஜிமுத்தை (இட வலத் திசை) ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்பினால் மூன்று உச்சம் வரும், நடுவில் இருப்பதுதான் பெரியது. எலிவேஷனுக்கும் (மேல் கீழ் சாய்வு) அதே மாதிரி. ஓடியூவின் ஏஜிசி முனையில் (ரிசீவ் லெவலை வோல்ட்டாகக் காட்டும் இடம்) மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாம், வோல்ட் ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
லத்தேரிப் பக்க டிஷ்தான்! அஜிமுத்தில் கிட்டத்தட்ட 4 டிகிரி விலகியிருந்தது. இப்போது 20இல் -47, இரண்டு திசையும். ரொம்ப நன்றி அண்ணா. பவரை அப்படியே விடவா, மழைக்கு நல்லதுதானே?

பதில், ராணிப்பேட்டை:
விடாதீர்கள். லைசன்ஸில் எழுதிய அளவுதான் உச்சம், அதற்கு மேல் அனுப்பினால் வேலூர் பக்கம் அதே அலைவரிசையில் இருக்கும் வேறு லிங்க்குக்குத் தொல்லை. 16 போட்டாலும் -51 நிற்கும். 1024 ஏறியதும் சில ரேடியோ தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏடிபிசியை மறுபடி ஆன் செய்து உச்ச அளவை லைசன்ஸ்படி கட்டுங்கள், மழை வந்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும். நட்டை எல்லாம் முறுக்கிய பிறகு லெவலை இன்னொரு தடவை பாருங்கள், முறுக்கும்போது டிஷ் நகரும்.