டெக்குக்குக் கீழே ஸ்கங்க் குடியிருக்கிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர் (ஸ்காபரோ, கனடா, செப்டம்பர்):
ஒரு கிழமையாகப் பின்வளவுப் புல்தரை முழுக்கச் சிரட்டையளவு கிடங்குகள். விடியப் பார்த்தால் புதிதாக நாலைந்து. அணில் என்றுதான் நினைத்தேன். நேற்றிரவு குப்பை வைக்கப் போனால், வீட்டோடு ஒட்டிய மரத்தளமான டெக்குக்குக் கீழிருந்து கறுப்பு வெள்ளை வால் ஒன்று வெளியே வருகிறது. ஸ்கங்க்! மிரண்டால் நாற்றநீரைப் பீய்ச்சும் மிருகம். வீட்டில் நாய் வேறு. பொறி வைத்துப் பிடித்துத் தூரத்தில் விட்டுவிடலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி. ஒன்டாரியோவில் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடச் சட்டம் இடம் தராது. அதோடு அந்தப் பொறியை யார் தூக்குவது?

அது தோண்டுவது புழுவுக்காக. புல்லை ஒரு மூலையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாய் மாதிரிச் சுருண்டு வந்தால், அடியில் வளைந்த வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். நெமற்றோட் (அந்தப் புழுக்களைக் கொல்லும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) வாங்கித் தண்ணீரில் கலந்து, நன்றாக நனைத்த நிலத்தில் பொழுதுபட ஊற்றுங்கள். அதற்கு இதுதான் பருவம்.

இன்னொரு பதில்:
ஓட்டையை உடனே அடைக்காதீர்கள். பத்திரிகைத் தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். மூன்று இரவு அசையாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. பிறகு அரை அங்குலக் கண் கம்பிவலையை டெக்கைச் சுற்றி அடித்து, ஓரடி மண்ணுக்குள் இறக்கி, அடிப்பக்கத்தை வெளியே மடித்துப் புதைத்துவிடுங்கள். எங்கே தோண்டினாலும் நகம் வலையில்தான் முட்டும். மே, ஜூன் என்றால் குட்டிகள் உள்ளே இருக்கும், அப்போது கைவைக்கக் கூடாது.

கேட்டவர்:
தாள் வைக்க முதலே நாய் போய் அதன் நாற்றநீரை வாங்கிக்கட்டிக்கொண்டது! மூன்று ரின் தக்காளிச் சாறு ஊற்றியாயிற்று. இப்போது தக்காளியும் ஸ்கங்கும் சேர்ந்து மணக்கிறது.

பதில்:
தக்காளி கறிக்குத்தான் உதவும். 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீட்டர், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கலந்த கையோடு, கண்ணில் படாமல் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைப் போத்தலில் மூடி வைத்தால் வெடிக்கும், ஊற்றிவிடுங்கள். கடிகாயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கங்க் ரேபிஸ் காவும் மிருகம். காயம் இருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் போங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கடி இல்லை. மூன்று இரவாகத் தாள் அப்படியே கிடக்கிறது, சனிக்கிழமை வலை அடிக்கப் போகிறேன். நாய் நனைந்தால் மட்டும் காதடியில் இன்னும் கொஞ்சம் மணக்கிறது.