தேயிலையா, கேரட்டா? முடிவெடுக்க முடியல

கோத்தகிரி: ஒரு ஏக்கர் தேயிலையைப் பிடுங்கிட்டு கேரட் போடலாமான்னு ஆறு மாசமா யோசனை. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. துணிஞ்சு முடிவெடுக்கிறது எப்படிங்க?

ஊட்டி: முதல்ல, பின்வாங்க முடியுமான்னு பாருங்க. கேரட் சரிப்படுமான்னு சுமார் 100 நாள்ல தெரிஞ்சிடும். தேயிலையைப் பிடுங்கிட்டு மறுபடி நட்டா, கொழுந்து பறிக்க மூணு வருஷமாவது ஆகும். அதனால தேயிலையைத் தொடாம, பக்கத்துல 10 சென்ட் குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் பாருங்க. விதை, உரம், கூலி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி வாடகை, கமிஷன்னு எல்லாத்தையும் எழுதுங்க. கணக்கு உதைக்கிறது பெரும்பாலும் கடைசி ரெண்டுலதான்.

குன்னூர்: பத்துப் பேரைக் கேட்டா குழப்பம்தான் மிஞ்சும். கேரட்ல லாபம் பார்த்தவர் ஒருத்தர், நஷ்டப்பட்டவர் ஒருத்தர், போதும். ஒரு தேதி குறிச்சு, அன்னைக்கு நோட்டுல எழுதுங்க: என்ன முடிவு, ஏன், கிலோ என்ன விலைக்குக் கீழே போனா நிறுத்துவேன். அறுவடைக்கு அப்புறம் அதைப் படிங்க. விலை சரிஞ்சது உங்க தப்பில்ல. மார்கழி உறைபனியைக் கணக்குல வைக்காம விதைச்சிருந்தா அது தப்பு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காதவங்களுக்குத்தான் அடுத்த தடவையும் கை நடுங்குது.

ஊட்டி: சொல்ல விட்டுட்டேன், நிலம் செங்குத்துச் சரிவுன்னா பிடுங்கவே வேண்டாம். ஒரே மழையில மேல்மண் போயிடும்.