புதுப்பிப்பு: பாகுபாட்டு வழக்கில் தோற்றால் செலவு யாருடையது?

ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பாகுபாட்டு வழக்குத் தொடுத்துத் தோற்பவர், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தையும் சுமக்க வேண்டுமா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். தோற்றவரே செலவு தருவது என்ற பழைய நடைமுறை, 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தத்தால் மாறியிருக்கிறது: மனுதாரர் வென்றால் அவருடைய செலவைப் பொதுவாக எதிர்மனுதாரர் தர வேண்டும், தோற்றால் அவரவர் செலவு அவரவருக்கு. வீம்புக்காகவோ நியாயமான அடிப்படையின்றியோ வழக்குத் தொடுத்திருந்தாலும், முறையற்ற நடத்தையால் மறுதரப்புக்கு வீண்செலவு வைத்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிட்டாது. பலர் கவனிக்கத் தவறும் விலக்கு இன்னொன்று: வென்ற எதிர்மனுதாரர் மனுதாரரைவிடக் கணிசமான அதிகாரமோ பணபலமோ இல்லாதவராக இருந்தால் (சிறு கடைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), அவருடைய செலவை மனுதாரரே தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். திருத்தத்துக்கு முன்பே தொடுத்த வழக்குகளுக்குப் பழைய விதிதான்.