பொருள்: ‘போலிப் பொருள்’ வேண்டாம், ‘முன்னறி பதிலி’ என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே ஓடவிட்டுப் பார்ப்பது அலகுச் சோதனை. அப்போது உண்மைப் பொருளுக்குப் பதிலாக நிறுத்திவைக்கும் பொருள்களில் ஒரு வகையை ஆங்கிலத்தில் ‘மாக்’ என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குப் ‘போலிப் பொருள்’ ஏறத்தாழ முடிவாகிவிட்டதுபோலத் தெரிகிறது. பட்டியலில் ஏறுவதற்குள் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். ‘போலி’ என்ற சொல்மேல் எனக்குப் பகை இல்லை. அதைத் தவறான பண்டத்தின்மேல் ஒட்டுகிறோம் என்பதுதான் என் குறை.

போலியை ஆதரித்த சென்னை ஐயா இலக்கணத்தைத் துணைக்கு அழைத்திருந்தார். பந்தல் பந்தர் ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது, எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை, ஆகவே போலி என்பது இழிசொல் அல்ல என்றார். நல்ல வாதம். போலி மருத்துவர், போலி நோட்டு என்று நாளிதழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது எடுபடுமா என்ற ஐயத்தைக்கூட விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு. இன்னொன்றின் இடத்தில் வந்து நிற்பது ‘மாக்’ இருக்கும் இந்தக் குடும்பத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் பொது. பொதுக்குணத்தைக் கொண்டுபோய் ஒன்றுக்கு மட்டும் பெயராக வைத்தால் மற்றவற்றுக்கு என்ன வைப்போம்?

இந்தக் குடும்பத்தை 2007இல், மென்பொருள் சோதனை பற்றி எழுதிய ஜெரார்ட் மெசாரோஸ் ஐந்தாகப் பகுத்தார். சண்டைக் காட்சியில் நடிகருக்குப் பதிலாகக் குதிப்பவரைக் குறிக்கும் சொல்லையொட்டிக் குடும்பத்துக்குப் பெயரும் வைத்தார். நம் படப்பிடிப்புகளில் ‘டூப்’ என்பார்கள். அதற்குப் ‘பதிலி’ என்று முன்பே இசைந்துவிட்டோம். நிரல் உள்ளீடு கேட்கும் இடமான நுழைபுலம் ஒன்றை நிரப்பியாக வேண்டும் என்பதற்காக மட்டும் வந்து நிற்கும் பதிலி உண்டு. கேட்டால் எழுதிக்கொடுத்த விடையை ஒப்பிக்கும் பதிலி உண்டு. யார் வந்தார், என்ன கேட்டார் என்று குறித்துவைத்துக்கொள்ளும் பதிலி உண்டு. உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் குறுக்குவழியில் செய்யும் பதிலியும் உண்டு. தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் ஒரு பட்டியலை வைத்துக்கொள்வது அந்த வகை. ‘போலி’ என்ற பெயருக்கு உரிமை இருக்குமானால் இதற்குத்தான் இருக்கிறது. ஐந்தாவதுதான் நம் வழக்குப் பொருளான ‘மாக்’.

2000ஆம் ஆண்டில் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃபிரீமன், ஃபிலிப் கிரேக் மூவரும் இந்த உத்தியைக் கட்டுரையாக முன்வைத்தபோது அதன் உயிர்நாடி பொய்யுருவில் இல்லை. சரிபார்க்கும் வேலையையே பதிலாக நிற்கும் பொருளுக்குள் வைத்துவிட்டார்கள் என்பதில்தான் இருந்தது. நிரலிலிருந்து என்ன அழைப்பு வரும், எந்த மதிப்போடு வரும், எத்தனை முறை வரும் என்று அந்தப் பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். சொன்னபடி நடக்காவிட்டால் சோதனையைத் தோற்கடிப்பது அந்தப் பொருள்தான்.

இது ஏன் பெரிய வேறுபாடு என்று கேட்ட தம்பிக்காக என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கித்தா (ரப்பர்) மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் வரும்போது ஒருமுறை எடை மேடையில் ஏறும், கொட்டிவிட்டு வெளியே போகும்போது இன்னொரு முறை ஏறும். நிறை எடை 14,820 கிலோ, வெற்று எடை 6,340 கிலோ என்றால் சீட்டில் 8,480 கிலோ என்று வர வேண்டும். அந்தச் சீட்டை வைத்துத்தான் பணம். இந்த நிரலை எழுதும் எனக்கு மேடையை ஒரு மணி நேரம் நிறுத்திக்கொடுக்க எந்த ஆலையும் இசையாது. அறுத்த குலையை ஒரு நாளைக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆகவே மேடைக்கும் அச்சுப்பொறிக்கும் பதிலிகள் வேண்டும்.

மேடைக்கு வைப்பது எளிய பதிலி. முதலில் கேட்டால் 14,820, அடுத்துக் கேட்டால் 6,340 என்று ஒப்பித்தால் போதும். கழித்தல் சரியாக வருகிறதா என்று விடையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அச்சுப்பொறி அப்படியல்ல. அது எந்த விடையையும் நமக்குத் திருப்பித் தருவதில்லை. அச்சுப்பொறி பதில் சொல்லத் தாமதமானால் நிரல் மறுபடியும் அனுப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகர எடை சரி. தரவுத்தளத்தில் பதிவு ஒன்றுதான், அதுவும் சரி. ஓட்டுநர் கையில் மட்டும் இரண்டு சீட்டு! விடையை மட்டும் பார்க்கும் சோதனை இதைக் கடைசிவரை பார்க்காது. ‘8,480 என்ற எண்ணோடு ஓர் அழைப்பு வரும், ஒன்றே ஒன்றுதான் வரும்’ என்று முன்பே சொல்லிவைத்த பதிலிதான் இரண்டாம் அழைப்பின் கையைப் பிடிக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. விடியற்காலையில் தொழிலாளர் வந்து கூடும் பெரட்டில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர்ப் பட்டியலோடு நிற்பார். பால் வெட்டுவது அவர் வேலையில்லை. இன்று யார் யார் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வராதவர் பெயரும் பட்டியலில் இல்லாமல் வந்து நிற்பவர் முகமும் தனியே தெரிந்துவிடும். நாம் பேசும் பொருளின் வேலை அவ்வளவுதான். அவரைப் போய்ப் போலி என்று அழைத்தால் எப்படி இருக்கும்? இலங்கை மலையகத்தில் இதைப் பிரட்டு என்பார்கள். ‘பெரட்டுப் பதிலி’ என்று வைக்க எனக்கு உள்ளூர ஆசைதான். ஆனால் தமிழ்நாட்டு நண்பர்கள் காதில் அது ‘புரட்டு’ என்று விழுந்து, போலியிலேயே திரும்பப் போய் நிற்போம்.

மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன். ‘மாக்’ என்றே வைத்துவிடலாம் என்பவர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் எழுதும் லாரியை நாங்கள் லோரி என்று எழுதுகிறோம். இது உங்களுக்கு மாக் ஆகும், எங்களுக்கு மோக் ஆகும், யாழ்ப்பாணத்தில் மொக் ஆகும். ஒலிபெயர்த்தால் சண்டை தீரும் என்று யார் சொன்னது?

யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன ‘ஒத்திகைப் பொருள்’ என்னை ஒரு நாள் முழுதும் மயக்கிவைத்திருந்தது. பேரிடர் ஒத்திகை என்று நாளிதழ்கள் ‘மாக்’ என்ற இந்த ஆங்கில அடைமொழியைத்தான் அப்படித் தமிழாக்குகின்றன. தேர்வுக்கும் பொருந்துகிறது. ஆனால் சோதனை முழுவதுமே ஒத்திகைதானே, அம்மா? ஐந்து பதிலிகளும் ஒத்திகையில் நிற்பவைதான். போலிக்குச் சொன்ன அதே தடை இதற்கும் உண்டு.

‘கண்டிப்புப் பதிலி’ குறிக்கு மிக அருகில் வந்த சொல். அதைக் கைவிடச் சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ‘மாக்’ ஆக்கித் தரும் ஈஸிமாக் போன்ற நிரல் கருவிகளில் இந்தப் பொருளுக்குள்ளேயே கண்டிப்பானது, தாராளமானது என்று உட்பிரிவுகள் உண்டு. கண்டிப்பானது அழைப்புகளின் வரிசைமுறையையும் பார்க்கும். தாராளமானது சொல்லாத அழைப்பு வந்தாலும் சுழியமோ வெறுமையோ தந்து அனுப்பிவிடும். ‘தாராளக் கண்டிப்புப் பதிலி’ என்று பாடத்தில் எழுதும் துணிவு எனக்கு இல்லை.

என் முன்மொழிவு ‘முன்னறி பதிலி’. வரவிருக்கும் அழைப்புகளை முன்பே அறிந்த பதிலி. அதற்கு நாம் சொல்லிவைப்பது ‘முன்னறிவிப்பு’. சொல்லிவைக்கும் செயல் ‘முன்னறிவித்தல்’. கடைசியில் கணக்குப் பார்ப்பது ‘சரிபார்ப்பு’. ஒரே வேரில் வினையும் பெயரும் கிடைப்பதால் ‘அச்சுப்பொறிக்கு ஓர் அழைப்பை முன்னறிவித்தோம், இரண்டு வந்தன, சோதனை தோற்றது’ என்று வாய்க்கு இசைவாகச் சொல்லலாம்.

இதில் ‘எதிர்பார்ப்பு’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. நிரல் ஓடும் முன் பதிலியிடம் சொல்லிவைப்பதையும் அது குறிக்கிறது. நிரல் ஓடிய பின் ‘விடை 8,480 ஆக இருக்க வேண்டும்’ என்று எழுதும் வரியையும் சில கருவிகள் அதே சொல்லால் குறிக்கின்றன. வார இறுதியில் என்னிடம் நிரலாக்கம் பயிலும் பிள்ளைகள் தடுமாறும் இடம் சரியாக இதுதான். தமிழில் புதிதாக வைக்கிறோம் என்றால் அந்தத் தடுமாற்றத்தையும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? விடைக்கு எதிர்பார்ப்பு இருக்கட்டும், அழைப்புக்கு முன்னறிவிப்பு என்று பிரித்துவிடுவோம். பழைய உரையாசிரியர்களின் ‘அவாய்நிலை’யை ஒருவர் நினைவூட்டியிருந்தார். ஒரு சொல் தன் பொருள் நிரம்ப இன்னொரு சொல்லை வேண்டி நிற்பதைக் குறிக்கும் அருமையான சொல். ஆனால் அதை விளக்க ஒரு வகுப்பு, பிறகு பதிலியை விளக்க ஒரு வகுப்பு என்றால் பிள்ளைகள் பசியாறப் போய்விடுவார்கள்.

என் சொல்லுக்கு வரக்கூடிய தடைகள் இரண்டு தெரிகின்றன. முதலாவது, ‘அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்’. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான வரி. அதனாலேயே ‘முன்னறி’ அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் அங்கே அது முதலில் அறியப்படும் தெய்வம். அறிவது தெய்வம் அல்ல. அப்படியானால் முன்னறி பதிலி என்பது ‘முன்பே நமக்குத் தெரிந்த பதிலி’ ஆகிவிடாதா? வினைத்தொகைக்கு இந்த நெகிழ்வு எப்போதும் உண்டு. ஆடுகொடியில் ஆடுவது கொடி, ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது தடை கனமானது. மோக்கிட்டோ போன்ற பிற்காலக் கருவிகளில் நிரலை ஓடவிட்டு, அதன் பிறகுதான் ‘இந்த அழைப்பு வந்ததா’ என்று கேட்கிறோம். அங்கே ‘முன்’ எங்கே இருக்கிறது? மெசாரோஸின் பாகுபாட்டைக் கறாராக எடுத்துக்கொண்டால் அப்படிப் பயன்படுத்தும்போது அது குறித்துவைத்துக்கொள்ளும் மூன்றாம் வகையோடுதான் சேரும். கருவி தன் பொருளுக்கு என்ன பெயர் சூட்டிக்கொண்டாலும் நாம் செயலைப் பார்த்துப் பெயரிடலாம். இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் வேறு சொல் தரட்டும்.

பாடக்குறிப்பில் ஒரு வரி எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். நிரல் உள்ளே எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் முன்னறிவித்தால், நாளை உள்ளமைப்பைச் சற்றுத் திருத்தினாலும் விடை சரியாக இருக்கும்போதே சோதனைகள் சரமாரியாக விழும். விலைப் பட்டியலை நிரல் எத்தனை முறை படிக்கிறது என்பது யாருக்கும் கவலையில்லை. சீட்டு எத்தனை முறை அச்சாகிறது என்பது முதலாளிக்குக் கவலை. ஃபிரீமன் குழுவினரே 2004இல், நாம் எழுதாத, நமக்கு உரிமையில்லாத நிரல் வகைகளுக்கு இப்படிப் பதிலி வைக்க வேண்டாம் என்று எழுதினார்கள். எடை மேடை விற்பவர் தரும் ஆயத்த நிரல் தொகுப்பான நிரலகத்தைச் சுற்றி நாமே ஒரு மெல்லிய உறை எழுதி, அந்த உறைக்குப் பதிலி வைப்பதே முறை. ‘உறை’க்கு ஏற்கெனவே பட்டியலில் சொல் இருக்கிறதா என்று பொறுப்பாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகைக்கு ‘ஒற்றுப் பதிலி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒற்று என்றதும் மெய்யெழுத்துதான் நினைவுக்கு வருகிறது என்று இங்குள்ள ஆசிரியர் ஒருவர் தயங்குகிறார். ‘வேவுப் பதிலி’ கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் ஐயத்துக்கு இடமில்லாதது. என் வாக்கு வேவுக்கு. மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்புக்குக் குறிப்பை அச்சடிக்க வேண்டும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து