நிரம்பி வடியும் வாளிகள்: மண் இல்லாமல் மாடியில் வளர்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

தாம்பரம்

மொட்டை மாடியில் ஐந்து வாளிகளில் மண் இல்லாமல் கத்தரி வளர்க்கிறேன். இரண்டு கோடைகளைப் பார்த்தாயிற்று. முதல் கோடையில் மூன்று செடிகள் என் கண்ணெதிரே மடிந்தன. காரணம் புரிந்தபோது, வேறொருவர் இதே தவறைச் செய்யக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது.

அமைப்பு எளிமையானது. செங்கல் ஜல்லி நிரப்பிய 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் ஐந்து, சிமென்ட் ஹாலோ பிளாக்குகளின் மேல் வரிசையாக நிற்கின்றன. அவற்றைவிடத் தாழ்வாக, மூடியுள்ள 80 லிட்டர் டிரம்மில் சத்துநீர், அதாவது செடிக்கான உரச்சத்துகள் கரைத்த நீர். அதற்குள் ஏர்கூலர் மோட்டார் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. ஐந்து வாளிகளின் அடிப்பாகத்தையும் முக்கால் அங்குலக் குழாய் இணைக்கிறது. டைமர் மோட்டாரை ஓட்டினால் எல்லா வாளிகளிலும் நீர் ஒரே மட்டத்தில் ஏறும். மோட்டார் நின்றதும் நீர் வந்த வழியே, மோட்டாருக்குள் புகுந்து, டிரம்முக்குத் திரும்பிவிடும். ஆகவே திரும்பும் நீரைத் தடுக்கும் வால்வு எதையும் இந்தக் குழாயில் போடக் கூடாது. கடைசி வாளியில், ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஓர் அங்குலக் குழாய் வைத்திருக்கிறேன். டைமர் எவ்வளவு நேரம் ஓடினாலும் மிகுந்த நீர் அதன் வழியே டிரம்முக்குப் போய்விடும். ஜல்லியின் மேல்பரப்பு நனையாமல் காய்ந்தே இருப்பதால் பாசியும் பிடிப்பதில்லை.

செங்கல் ஜல்லி நிரப்பிய வாளியில் எவ்வளவு நீர் கொள்ளும் என்று குவளையால் அளந்து ஊற்றிப் பார்த்தேன். ஏறக்குறைய 8 லிட்டர். ஐந்துக்கும் சேர்த்து 40. மோட்டார் நீரின்றி ஓடாமல் இருக்க டிரம்மில் அதைவிடத் தாராளமாக நீர் வேண்டும்.

இனி என் தவறு. வாளியின் அடியில் துளையிட மனம் வராமல், பக்கவாட்டில் துளையிட்டு, குழாயை வாளிச் சுவரோடு கசியாமல் இணைக்கும் டேங்க் நிப்பிள் மாட்டினேன். நிப்பிளின் வளையம் வாளிச் சுவரில் சரியாகப் பதிய வேண்டுமானால் துளையின் நடு அடியிலிருந்து ஒன்றரை அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முறை வடியும்போதும் அடியில் ஓர் அங்குல நீர் வடியாமல் தங்கிவிடும். ஓர் அங்குலம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் வரை செடிகள் செழித்தன. மே மாதம் இரண்டாம் வாரம், நண்பகலில் இலைகள் தொங்கின. நீர் போதவில்லை என்று எண்ணி, நீர் நிரம்பி வடியும் சுற்றுகளைக் கூட்டினேன். மறுநாள் இன்னும் வாடின. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வேரில் கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை. அதற்கு மேலே வேர் நூல்நூலாக வெண்மையாக இருந்தது. கீழே தேநீர் நிறம், சாக்கடை நாற்றம். விரல்களுக்கிடையே வைத்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, நடுவிலிருந்த மெல்லிய இழை மட்டும் கையில் நின்றது. அந்த எல்லைக்கோட்டை வாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தங்கிய நீரின் மட்டத்தோடு அப்படியே பொருந்தியது.

நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரைவது, 35 டிகிரியில் 7 மில்லிகிராமாகிவிடும். வேரின் தேவையோ சூட்டில் கூடுகிறது. தேங்கிய நீரில் இருப்பதும் விரைவில் தீர்ந்துபோகும். மூச்சுத் திணறும் வேரில் அழுகல் நோய் எளிதாகப் புகுந்துவிடும். நானோ மோட்டாரின் வேகம், டைமரின் தரம் என்று நிரம்புவதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீர் இறங்கும்போது ஜல்லியின் இடுக்குகளுக்குள் புதுக்காற்று இழுக்கப்படுகிறதே, செடி வாழ்வது அதனால்தான். முழுதாக வடியாத வாளி பாதி வேலை செய்த வாளிகூட இல்லை.

இப்போது துளை வாளியின் அடி நடுவில் இருக்கிறது. இரண்டு பிளாக்குகளுக்கு இடையே விட்ட சந்தில் குழாய் இறங்குகிறது. வாளிகளுக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறேன், டிரம்மைத் தண்ணீர்த்தொட்டியின் நிழலுக்கு நகர்த்திவிட்டேன்.

கோவை, வடவள்ளி

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் என் வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். எனக்கும் பக்கவாட்டுத் துளைதான். இந்த வாரமே மாற்றுகிறேன்.

என் இழப்பு கல்லால் வந்தது. தொடங்கும்போது கல்லில் செடி வருமா என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினர் எரிமலைக் கல் பாத்திகளில் சத்துநீர் பாய்ச்சிக் காய்கறி விளைவித்த கதையைச் சொன்னேன். ஆனால் எந்தக் கல் என்பதை நான் யோசிக்கவில்லை. பார்வைக்கு அழகாக இருந்ததால் வெள்ளைக் கல் வாங்கி நிரப்பினேன். காலையில் சத்துநீரின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 6க்குக் கொண்டுவந்தால் மாலையில் 7.5 காட்டும், மறுநாள் 8. தக்காளியின் புதுத் தளிர்கள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்து நீரில் இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. கல் ஒன்றின் மேல் வினிகர் சொட்டினேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக் கல்!

பிறகு செங்கல் ஜல்லிக்கு மாறினேன். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இடித்த கட்டடத்துச் செங்கல் வேண்டாம். அதில் ஒட்டியுள்ள சிமென்டும் சுண்ணாம்பும் இதே தொல்லையைத் தரும். சூளையில் உடைந்துபோன புதுச் செங்கலைக் கேட்டு வாங்கி, செந்தூள் போகும்வரை ஐந்தாறு முறை அலசினேன். இப்போது பிஎச் 5.8க்கும் 6.3க்கும் இடையிலேயே நிற்கிறது.

ஒரு கேள்வி. வேர் வளர்ந்து குழாய்க்குள் புகாமல் என்ன செய்கிறீர்கள்? மின்வெட்டு நேரத்தில் செடி தாங்குகிறதா?

தாம்பரம்

தம்பி, வினிகர் சோதனையை எழுதியதற்கு நன்றி. கடைக்குச் சிறு புட்டியில் எடுத்துப்போனால் வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

துளையின் மேல் கொசுவலையை இரண்டாக மடித்து வைத்தேன். அது இரண்டு மாதத்தில் அடைத்துக்கொண்டது. இப்போது அரையடி நீளப் பிவிசி குழாயில் நிறையத் துளைகளிட்டு, துளையின் மேல் நட்டு, அதைச் சுற்றிப் பெரிய கற்களைப் போடுகிறேன். மேலே போகப்போகச் சிறிய ஜல்லி. மாதம் ஒரு முறை ஒவ்வொரு வாளியும் வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வைக்கிறேன். ஒரு வாளி மட்டும் மற்றவற்றைவிடப் பின்தங்கினால் அதில் வேர் அடைத்திருக்கிறது என்று பொருள்.

மின்வெட்டைப் பொறுத்தவரை இந்த முறையில் எனக்கு அச்சமில்லை. செங்கல் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மணி நேர வெட்டைக் கத்தரி வாடாமல் கடந்திருக்கிறது. அதற்கு மேலானால் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டு வாளிகளில் ஊற்றினால் போதும், தானாக வடிந்து திரும்பிவிடும்.

கோடையில் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்றும் இரவில் ஒன்றும் விடுகிறேன். தக்காளிக்கு இது போதுமா? நீங்கள் எத்தனை விடுகிறீர்கள், துளையை மாற்றியபின் வேர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.