ரூம்மேட் வேப் இழுக்கிறான், கேட்டால் "சிகரெட் இல்லையே" என்கிறான். எப்படிப் பேசுவது?

கிண்டி_ஹாஸ்டல்:
வணக்கம். சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என் ரூம்மேட் போன செமஸ்டரிலிருந்து வேப் (இ-சிகரெட்) இழுக்கிறான். டீக்கடையில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் கிளாஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிற ஆள் அவன். அவனே இப்போது ராத்திரியில் போர்வைக்குள் தலையை விட்டு இழுக்கிறான், ரூம் முழுக்க மாம்பழ வாசனை. கேட்டால் "வெறும் நீராவி மச்சி, ஃபிளேவருக்காகத்தான்" என்கிறான். ஆனால் பரீட்சை சமயத்தில் அது தீர்ந்துபோனபோது எல்லார் மேலும் எரிந்து விழுந்தான், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. வார்டனிடம் சொன்னால் சீட்டுக்கே ஆபத்து, அதற்கு எனக்கு மனம் வரவில்லை. இது நிஜமாகவே எவ்வளவு கெடுதல்? எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

தாம்பரம்_மருந்தாளுநர்:
தம்பி, அது நீராவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், ஃபிளேவர், பெரும்பாலும் நிக்கோட்டின், இதெல்லாம் கலந்த திரவத்தை ஒரு சின்னக் கம்பிச்சுருள் சூடாக்குகிறது, அதில் கிளம்பும் நுண்துளிகளைத்தான் இழுக்கிறார்கள். சூடு கூடினால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளும் உண்டாகும். சிகரெட்டில் இருக்கிற தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் அந்த அளவுக்கு இல்லை என்பது உண்மை, அதை நீங்களே ஒத்துக்கொண்டு பேசுங்கள், இல்லாவிட்டால் மற்றதையும் நம்ப மாட்டான். எனக்குக் கவலை நிக்கோட்டின்தான். முதல் சிகரெட்டில் தொண்டை எரிந்து, இருமி, அதோடு விட்டவர்கள் நிறையப் பேர். இப்போதைய பாட் வகைகளில் (திரவம் அடைத்த சின்னக் குப்பி மாட்டுகிற வேப்) பெரும்பாலும் நிக்கோட்டினை உப்பு வடிவில் போடுவதால் நிறையப் போனாலும் தொண்டை அவ்வளவாகக் கரகரப்பதில்லை, அதனால் உடம்பு "போதும்" என்று சொல்வது குறைவு. மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது, அந்த வயதில் பிடித்துக்கொண்டால் விடுவது கஷ்டம். பரீட்சையில் அவன் எரிந்து விழுந்தானே, அது நிக்கோட்டின் கிடைக்காததால் வந்ததாகத்தான் இருக்கும்.

சட்டம்_படிப்பவள்:
தமிழ்நாட்டில் 2018லேயே தடை, 2019ல் நாடு முழுக்கத் தடை. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பதற்கென்று தனித் தண்டனை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஹாஸ்டலில் யாராவது மொத்தமாக ஆர்டர் போட்டு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், அதற்குப் பெயர் விநியோகம். உங்கள் நண்பன் அதில் மட்டும் மாட்டக் கூடாது, முதலில் அதைச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_கார்த்தி:
ரொம்பப் பயமுறுத்த வேண்டாம் ப்ரோ. இங்கிலாந்தில் சிகரெட்டை நிறுத்துவதற்கு டாக்டர்களே இதைச் சொல்கிறார்கள். அங்கே 2019ல் வந்த ஆய்வில் வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் தொடவில்லை, நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் பேட்ச் மாதிரி எடுத்தவர்களில் சுமார் 10 சதவீதம்தான்.

தாம்பரம்_மருந்தாளுநர்:
அந்த ஆய்வு சரிதான் கார்த்தி. ஆனால் அதில் இருந்தவர்கள் ஏற்கனவே சிகரெட் பிடித்தவர்கள், கூடவே ஆலோசனையும் கிடைத்தது. இந்தப் பையன் சிகரெட்டே தொட்டதில்லை, அவன் இதைக் கொண்டு எதை விடப்போகிறான்? தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வேப்பை அதே இங்கிலாந்து 2025 ஜூனில் தடை செய்துவிட்டது, சிறுவர்கள் கையில் அது சர்வசாதாரணமாகப் போனது ஒரு முக்கியக் காரணம். தவிர, இங்கே கிடைப்பது கள்ளச் சரக்கு. உள்ளே என்ன, எவ்வளவு என்று யாரும் சோதிப்பதில்லை.

பிஜி_அக்கா:
எங்கள் லேடீஸ் ஹாஸ்டலிலும் இருக்கிறது. துணியில் நாற்றம் ஒட்டாது, வீட்டுக்குத் தெரியாது, அதனால்தான் பரவுகிறது. இழுக்கிற யாரும் தன்னை ஸ்மோக்கர் என்று நினைப்பதில்லை, ஆகவே சிகரெட் பாக்கெட்டில் இருக்கிற படமெல்லாம் அவர்களுக்கு இல்லை. புற்றுநோய் என்று ஆரம்பித்தால் சிரிப்பார்கள். "காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தேடுகிறாய்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ரூமிலேயே வைத்துவிட்டுப் பீச்சுக்கு வருவாயா?" என்று தனியாக, கோபமில்லாமல் கேளுங்கள். முடியவில்லை என்று அவன் வாயாலேயே வந்தால் அப்புறம் 1800-11-2356க்கு அழைக்கச் சொல்லுங்கள், புகையிலையை விடுவதற்கான இலவச அரசு எண். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

கிண்டி_ஹாஸ்டல்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன். நிக்கோட்டின் கம் கொடுக்கலாமா?

தாம்பரம்_மருந்தாளுநர்:
நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், டாக்டரோ அந்த எண்ணில் பேசுகிறவரோ சொன்னால் மட்டும். அதைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக மென்று, சுள்ளென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, அது அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி வேண்டாம்.